எழுதியவனுக்குக் கூலி

கம்ப்யூட்டர்க்காரர்கள் சுமார் ஐம்பது வருஷமாக நடத்திவரும் ஒரு சண்டையில் நாவல் எழுதுகிறவனுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் அந்த சாஸ்திரம் படித்தவன் அல்ல. ஆனால் சண்டை எழுத்தைப் பற்றியது. மென்பொருள் செய்கிறவர்கள் தங்கள் தொழிலை 'எழுதுவது' என்றுதான் சொல்லிக்கொள்ளுகிறார்கள். எழுதியது யாருக்குச் சொந்தம், எழுதியவனுக்குக் கூலி யார் தருவது, வாங்கியவன் அதைப் பிறருக்குக் கொடுக்கலாமா, திருத்தலாமா என்பவைதான் வழக்கின் பொருள். எந்த எழுத்தாளனுக்கும் இவை அந்நியமான கேள்விகள் அல்ல. தவிரவும், இரு கட்சியாரும் தங்கள் கொள்கையை வசனத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றில் மூன்றை, வசனம் என்ற முறையிலேயே படித்துப் பார்த்து எனக்குத் தோன்றியதைச் சொல்லுகிறேன்.

முதலில் வழக்கு இன்னதென்று சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு மென்பொருளுக்கு இரண்டு உருவங்கள் உண்டு. மனிதன் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய பாஷையில் எழுதிய மூலம் ஒன்று. அதை யந்திரத்துக்குப் புரியும்படி வெறும் எண்களாக மாற்றிய உருவம் மற்றொன்று. நமக்குக் கடையில் விற்பது இரண்டாவது. இசைத்தட்டை விற்றுவிட்டு ஸ்வரக் குறிப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளுவது போல என்று சொல்லலாம். கேட்கலாம், பாட முடியாது. பூட்டி வைப்பது எங்கள் உரிமை என்கிறது ஒரு கட்சி. மூலத்தைத் திறந்து வைக்க வேண்டும், படிக்கவும் திருத்தவும் பிறருக்குத் தரவும் யாருக்கும் உரிமை வேண்டும் என்கிறது மற்றொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சிக்குள்ளேயே இரண்டு கட்சிகள் உண்டு. அது பின்னால் வரும்.

முதல் வசனம் ஒரு கடிதம். 1976-ம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதியிட்டது. எழுதியவர் பில் கேட்ஸ்; அப்போது அவருக்கு வயது 20. முந்தின வருஷம் ஆல்டேர் என்ற சிறு கம்ப்யூட்டர் விலைக்கு வந்திருந்தது. அதற்காக அவரும் பால் ஆலனும், இன்னொரு நண்பரின் உதவியோடு, பேசிக் என்ற பாஷையை அந்த யந்திரத்துக்கு ஏற்றபடி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது துளைகள் போட்ட காகித நாடாவில் வந்தது. கலிபோர்னியாவில் ஹோம்ப்ரூ கிளப் என்ற பொழுதுபோக்குக்காரர் சங்கத்தின் கையில் ஒரு நாடா அகப்பட்டது. அவர்கள் அதைப் பிரதி எடுத்து ஆளுக்கு ஆள் கொடுத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தின் பத்திரிகையில்தான் கடிதம் வந்தது.

ஒரே பக்கக் கடிதம். அதன் பலம் முழுவதும் கணக்கில் இருக்கிறது. ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட பேசிக்கை வாங்கவில்லை. கம்ப்யூட்டர் நேரத்துக்கு மட்டும் ஆன மதிப்பு 40,000 டாலருக்கு மேல். வந்த ராயல்டியை உழைத்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை. இப்படி வரவு செலவு போட்டுக் காட்டிவிட்டு, நீங்கள் செய்வது திருட்டு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். யந்திரத்துக்கு விலை கொடுக்கிறீர்களே, எழுத்துக்கு மட்டும் ஏன் கொடுப்பதில்லை என்பதுதான் அவர் கேள்வி. யார் சம்பளமில்லாமல் நல்ல வேலை செய்வார்கள் என்றும் கேட்கிறார். உபசார வார்த்தை ஒன்றுகூட இல்லை. இருபது வயதுக்காரனின் அவசரமும் ரோஷமும் ஒவ்வொரு வரியிலும் தெரிகின்றன. பின்னாளில் அவர் உலகத்தின் பெரிய பணக்காரர்களில் ஒருவராகிவிட்டதை மறந்துவிட்டு இதைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால், பதிப்பாளரிடம் கணக்குக் கேட்டு எழுதும் எந்த எழுத்தாளனின் குரலும் இதில் கேட்கும். எனக்குக் கேட்டது.

ஆனால் நல்ல விமரிசகன் ஒரு வசனம் சொன்னதை மட்டும் பார்த்தால் போதாது. சொல்லாமல் விட்டதையும் பார்க்க வேண்டும். பேசிக் என்ற பாஷை கேட்ஸின் சிருஷ்டி அல்ல. 1964-ல் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள், மாணவர்களுக்காகச் செய்து பொதுவில் வைத்தது. கேட்ஸ் குறிப்பிடும் கம்ப்யூட்டர் நேரத்திலும் பெரும் பங்கு ஹார்வர்டு சர்வகலாசாலையின் யந்திரத்தில் கழிந்தது. பொதுவில் கிடந்த பாஷையை எடுத்து, கல்லூரி யந்திரத்தில் எழுதி, இது எங்கள் சொந்தச் சரக்கு என்று சொல்லுகிற கடிதம், அந்த இரண்டு கடன்களையும் பற்றி மௌனம் சாதிக்கிறது. அதற்காக உழைப்பு பொய்யாகிவிடாது. கம்பன் கூடத்தான் வால்மீகியிடம் கடன் வாங்கினான். ஆனால் அவன் அதைப் பாயிரத்திலேயே சொல்லிவிட்டான்.

இரண்டாவது வசனம் 1985 மார்ச்சில் ஒரு தொழில் பத்திரிகையில் வந்த குனு அறிக்கை. எழுதியவர் ரிச்சர்டு ஸ்டால்மன். மாஸசூஸட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தவர். 1983 செப்டம்பரில் தம் திட்டத்தை அறிவித்து, 1984 தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு, ஒரு முழு இயங்கு தளத்தையே புதிதாக எழுதி எல்லோருக்கும் தருவதென்று உட்கார்ந்தவர். அவருக்கு இந்த எண்ணம் வலுத்ததற்குக் காரணமாக ஒரு கதை சொல்லுவார். ஆராய்ச்சிச் சாலைக்கு ஸீராக்ஸ் கம்பெனி ஒரு புது அச்சு யந்திரம் கொடுத்திருந்தது. காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பழைய யந்திரமாக இருந்தபோது, சிக்கினால் உடனே எல்லோருக்கும் செய்தி போகும்படி மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதியதற்கு மூலம் கிடையாது. வேறொரு சர்வகலாசாலையில் ஒரு பேராசிரியரிடம் அது இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டார். 'கொடுப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்' என்று அவர் மறுத்துவிட்டார். வந்தவர் ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டார்.

சிறுகதைக்குரிய விஷயம் இது. கொஞ்சம் உப்புக் கடன் கேட்டுப் போன வீட்டில், தருவதில்லை என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்! ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் கதையை அறிக்கையில் அவர் விரித்துச் சொல்லவில்லை. பிற்காலப் பேச்சுகளில்தான் அது முழு உருவம் பெறுகிறது. அறிக்கையில் இருப்பது தர்க்கம். நம் பழைய உரையாசிரியர்கள் தடையும் விடையுமாக எழுதுவார்களே, அதே முறை. எதிர்க்கட்சிக்காரன் சொல்லக்கூடியவற்றை ஒவ்வொன்றாகத் தலைப்பிட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே மறுப்பு எழுதுகிறார். எதிரியின் வாயில் பலவீனமான வார்த்தைகளைப் போட்டு ஜயித்துவிட்டதாக அவர்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. கேட்ஸின் கடிதத்தில் எதிர்க்கட்சிக்கு வாயே இல்லை. இந்த ஒரு காரணத்தினாலேயே, வசனம் என்ற அளவில் அறிக்கை ஒரு படி உயர்ந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் கூலி என்ற இடத்துக்கு வரும்போது விடை சறுக்குகிறது. எழுதுகிறவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்களா என்பது தடை. யாரையும் எழுதத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லையே என்பது விடையின் தொடக்கம். பிறகு சமாதானமாக, சம்பளம் கிடைக்கும், இப்போது கிடைப்பதைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்கிறார். குடும்பஸ்தனுக்குச் சந்நியாசி சொல்லுகிற பொருளாதாரம் இது. அண்டை வீட்டானுக்கு உதவ முடியாதபடி ஒருவனைத் தடுப்பது அதர்மம் என்று அவர் சொல்லும்போது நெஞ்சு ஒப்புக்கொள்ளுகிறது. மளிகைக் கடைக்காரன் அடுத்த மாதமும் வருவான் என்று நினைக்கும்போது தயங்குகிறது.

ஸ்டால்மனின் உண்மையான இலக்கியச் சாதனை, அறிக்கையைக் காட்டிலும், 1989-ல் அவர் எழுதி வெளியிட்ட உரிமப் பத்திரம் என்பது என் அபிப்பிராயம். சட்ட வசனம் பொதுவாக வேலி போடுவதற்கு எழுதப்படுவது. இவர் அதே பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து, வேலி போடக்கூடாது என்பதற்கு வேலி போட்டார். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்குத் தரும்போது அதே உரிமைகளோடும் மூலத்தோடும் தர வேண்டும். ஹெல்ஸிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் விளையாட்டாகத் தொடங்கிய லினக்ஸ் மறு வருஷமே இந்தப் பத்திரத்தின் கீழ் வந்தது. இன்று ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொரு வாசகரின் சட்டைப் பையிலும் அதன் கரு இருக்கிறது.

ஒரு வார்த்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலையுள்ளதற்கும் ஒரே சொல்தான். ஸ்டால்மன் நாற்பது வருஷமாக, நான் சொல்லுவது விலையைப் பற்றி அல்ல, விடுதலையைப் பற்றி என்று விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறார். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. நம் கம்ப்யூட்டர் இளைஞர்கள் 'கட்டற்ற மென்பொருள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர். அந்த ஒரு சொல்லில் ஸ்டால்மனின் பாதி விளக்கவுரை மிச்சமாகிறது.

இந்தச் சொல் சங்கடத்திலிருந்துதான் உட்கட்சிப் பிரிவு வந்தது. 1998 பிப்ரவரியில் சிலர் கூடி, விடுதலை என்று பேசினால் வியாபாரிகள் பயப்படுகிறார்கள், 'திறந்த மூலம்' என்று சொல்லுவோம் என்று தீர்மானித்தார்கள். அவர்களில் முக்கியமானவர் எரிக் ரேமண்டு. அவர் 1997 மே மாதம் ஜெர்மனியில் ஒரு மகாநாட்டில் வாசித்த 'கதீட்ரலும் சந்தையும்' என்ற கட்டுரை மூன்றாவது வசனம். பெரிய மாதா கோயில் கட்டுவதுபோல் ஒரு சிலர் மறைவாக உட்கார்ந்து திட்டமிட்டு எழுதுவது ஒரு முறை. சந்தையைப்போல் வந்தவர் போனவர் எல்லோரும் கை வைத்து இரைச்சலும் குழப்பமுமாக எழுதுவது மற்றொரு முறை. இரண்டாவதுதான் வேலை செய்கிறது என்பது அவர் கட்சி. படிக்க மிகவும் சுவையான கட்டுரை. மூன்றில் இதுதான் எழுதத் தெரிந்தவர் எழுதியது. நடுநடுவே எண்ணிட்டு வைத்திருக்கும் சூத்திரங்கள் மனத்தில் ஒட்டிக்கொள்ளுகின்றன. மறு வருஷம் நெட்ஸ்கேப் கம்பெனி தன் மூலத்தைத் திறந்து வைத்ததற்கு இந்தக் கட்டுரையும் ஒரு காரணம். ஒரு கட்டுரைக்கு இந்த மரியாதை கிடைப்பது அபூர்வம்.

மாதா கோயில் என்பது மைக்ரோஸாஃப்ட் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அவசரப் படிப்பு. கட்டுரையைப் பார்த்தால், கோயில் முறைக்கு அவர் காட்டும் உதாரணம் ஸ்டால்மனின் கூட்டத்தார் எழுதியதுதான். அம்பு எதிரிக்கு என்று தோன்றினாலும், முதலில் தைப்பது சொந்தச் சகோதரனை. இன்னொன்று: உவமையே தமிழ் வாசகனுக்கு ஒட்டாது. நம் ஊரில் கோயில் வாசலிலேயே கடைவீதி. மதுரைக் கோபுரங்கள் ஒரு ராஜா ஒரு திட்டம் போட்டுக் கட்டியவை அல்ல. பல நூற்றாண்டுகளில் பல கைகள் கூட்டிக் கூட்டி எழுப்பியவை. உவமை இரண்டாகப் பிரித்ததை வாழ்க்கை பிரிப்பதில்லை. லினக்ஸிலும் எதைச் சேர்ப்பது எதைத் தள்ளுவது என்று கடைசி வார்த்தை சொல்ல டோர்வால்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார், இருக்கிறார்.

ரேமண்டின் சூத்திரங்களில் பிரசித்தமானது, பார்க்கும் கண்கள் போதுமான அளவு இருந்தால் எந்தப் பிழையும் மறையாது என்ற கருத்து. அழகான வாக்கியந்தான். ஆனால் மூலம் திறந்திருப்பதும் அதை ஒருவர் படிப்பதும் ஒன்றல்ல. நூலகத்தில் திறந்து கிடக்கும் புஸ்தகங்களைப் பற்றி எழுத்தாளர்களுக்குத் தெரியும். உலகத்தில் பாதிப்பேருடைய ரகசியக் குறிகளைக் காக்கும் ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற திறந்த மென்பொருளில் 2012-ல் வெளியான ஒரு பிழை, 2014 ஏப்ரல் வரையில் யார் கண்ணிலும் படவில்லை. பட்டபின் விசாரித்தார்கள். அதில் முழு நேர வேலை பார்த்தவர் ஒருவர். நன்கொடையாக வருஷத்துக்கு வந்தது சுமார் 2,000 டாலர். கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிகள் அதன்மேல்தான் வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தன.

2024 மார்ச்சில் நடந்தது இன்னும் விசித்திரம். எக்ஸ்.இஸட். என்ற சிறிய மென்பொருளை ஒருவர் கூலியில்லாமல் வருஷக்கணக்காகப் பராமரித்து வந்தார். உடம்பும் மனசும் சோர்ந்திருந்தார். உதவி செய்கிறேன் என்று புனைபெயரில் ஒருவன் வந்து சேர்ந்தான். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தான். ஏன் தாமதம், பொறுப்பை அவரிடம் கொடு என்று வேறு பெயர்களில் கடிதங்களும் வந்தன. பொறுப்பு கைக்கு வந்ததும் உள்ளே ஒரு கள்ளக் கதவு வைத்தான். அதைக் கண்டுபிடித்தவர் மைக்ரோஸாஃப்டில் சம்பளம் வாங்கும் ஒரு எஞ்சினீயர். ஒரு காரியம் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டு மூலத்தைத் தோண்டினார். மூலம் திறந்திருந்ததால்தான் தோண்ட முடிந்தது. சம்பளம் வந்துகொண்டிருந்ததால்தான் தோண்ட அவகாசம் இருந்தது. இரு கட்சிக்கும் இதில் சாட்சியம் இருக்கிறது. இரு கட்சிக்கும் இதில் வெட்கமும் இருக்கிறது.

பூட்டுக் கட்சியின் பிற்கால வசனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2001-ல் மைக்ரோஸாஃப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்று வர்ணித்தார். 2018-ல் அதே கம்பெனி, திறந்த மூலக்காரர்கள் தங்கள் எழுத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்த கிட்ஹப் என்ற களஞ்சியத்தை 750 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2021-ல் அந்த எழுத்தையெல்லாம் படித்துப் பழகிய ஒரு யந்திரம், தானே புரோகிராம் எழுதிக் கொடுக்கிறேன் என்று வந்தது. 1976-ல் நகல் எடுத்தவர்களைத் திருடர் என்ற அதே ஸ்தாபனத்தின்மேல், எங்கள் எழுத்தை எங்கள் நிபந்தனையை மதிக்காமல் எடுத்துக்கொண்டாய் என்று 2022 நவம்பரில் புரோகிராம் எழுதுகிறவர்கள் வழக்குப் போட்டார்கள். இதை நாவலில் எழுதியிருந்தால், ரொம்பவும் ஜோடித்திருக்கிறான் என்று சொல்லியிருப்பார்கள்.

என் கட்சி என்ன என்று கேட்டால், எனக்கு இரண்டு பக்கத்திலும் வலி உண்டு. நான் ராயல்டியில் பிழைக்கிறவன். என் புஸ்தகத்தை நகல் எடுத்து இலவசமாகச் சுற்றுக்கு விடுகிறவர்களைக் கண்டு சந்தோஷப்படுகிறவன் அல்ல. மறுபக்கம், இருபது வருஷத்துக்கு முன் என் முதல் நாவலை ஒரு கம்பெனியின் தமிழ் எழுத்துருவில் தட்டெழுதினேன். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை அவர்கள் வெளியிடவில்லை. கம்பெனி மூடிப் போயிற்று. புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் நாவல் முழுவதும் கேள்விக்குறியும் கிறுக்கலுமாக நின்றது. எழுதியவன் நான், என் எழுத்தைப் படிக்கும் சாவி யாரிடமோ இருந்தது. முகம் தெரியாத ஓர் இளைஞர், எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அட்டவணையைக் கண்டுபிடித்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு மாற்றியை எழுதி வைத்திருந்தார். அதனால் நாவல் பிழைத்தது. அவருக்கு நான் ஒரு பைசாவும் கொடுக்கவில்லை. வாங்கிக்கொள்ள அவர் வழியும் வைக்கவில்லை. கேட்ஸின் கேள்வியும் ஸ்டால்மனின் விடையும் அன்று எனக்கு ஒரே சமயத்தில் புரிந்தன.

ஸ்டால்மன் அறிக்கையில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு யோசனை இருக்கிறது. கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் விலையில் ஒரு பங்கை வரியாகக் கொடுக்கட்டும்; அந்தப் பணத்தை ஒரு பொது ஸ்தாபனம் எழுதுகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கட்டும் என்கிறார். அமெரிக்க வாசகனுக்கு இது விபரீதமாகப் பட்டிருக்கலாம். நமக்குப் புதிதல்ல. 1949-ல் சென்னை மாகாண சர்க்கார் பாரதியார் நூல்களின் உரிமையை வாங்கி, சில வருஷங்களில் எல்லோருக்கும் பொது ஆக்கிற்று. அதன் பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு குடும்பத்தாருக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. எழுத்துக்கும் விடுதலை, எழுதியவன் வீட்டுக்கும் கூலி. இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை: பெரும்பாலும் எழுத்தாளன் கண்ணை மூடிய பிறகுதான் பணம் வருகிறது. 2022-ல் ஜெர்மன் சர்க்கார், உலகம் சார்ந்து நிற்கும் திறந்த மென்பொருள்களைப் பராமரிக்கிறவர்களுக்கு அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பொதுப் பணத்திலிருந்து கொடுக்க ஒரு நிதி தொடங்கியிருக்கிறது. சிறு ஆரம்பந்தான். ஆனாலும் சரியான திசை.

மூன்று வசனங்களையும் மறுபடி வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். ரேமண்டின் கட்டுரை சுவையானது. அது சொன்ன ஜோசியத்தில் பாதி பலித்துவிட்டது, மீதி பொய்த்துவிட்டது. ஸ்டால்மனின் அறிக்கை வறட்டு வசனம். ஆனால் அண்டை வீட்டானை முன்னிட்டு எழுந்த கோபம் அதில் இருக்கிறது, அது பழசாகவில்லை. கேட்ஸின் கடிதம் கோபத்திலும் சுயநலத்திலும் எழுதியது. பெரியவர் ஆன பின் அவருக்கே அந்தக் கேள்வி தேவைப்படாமல் போயிற்று. எக்ஸ்.இஸட். போன்றவற்றை இரவில் கண் விழித்துப் பராமரிக்கும் எத்தனையோ பேருக்கு அது இன்னும் தேவைப்படுகிறது. திறந்த மூலக் கட்சி ஜயித்துவிட்டது என்று இன்று பேசுகிறார்கள். மூலம் திறந்துவிட்டது, வாஸ்தவம். கூலி இன்னும் பாக்கி.